அகிம்சை தினமும் நெய்வேலியும்

வருகிற அக்டோபர் மாதம் 2-ந் தேதி காந்தியார் பிறந்த நாள். அந்த நாளையே உலக அகிம்சை தினமாகக் கொண்டாட வேண்டுமென்று அய்க்கிய நாட்டுச் சபையார் 2007-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி தீர்மானம் செய்தார்கள். அந்த வருஷம் முதல் அது உலகம் பூராவும் கொண்டாடப்பட்டு வருகின்றது. நமது நாட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்களிலும், சர்க்கார் அலுவலகங்களிலும், பொதுத்துறை ஆலைகளிலும் ஒரு படத்தை நாற்காலியின் மேல் வைத்து மாலை போடுவார்கள். பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் எழுந்து சத்தியம், அகிம்சை, சமாதானம் என்னும் மூன்று பதங்களை நாலைந்து தடவை சொல்லுவார். மற்றவர்கள் கை தட்டுவார்கள். அன்று இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். டாஸ்மாக் கடையும் மூடியிருக்கும். மறுநாள் காலையில் கடைகளும் திறந்துவிடும்; மனிதர்களும் பழையபடி ஆகிவிடுவார்கள்.

இது போதாதென்று மே மாதம் 21-ந் தேதி வேறு ஒரு சடங்கு உண்டு. 1991-ம் வருஷம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அந்த நாளில் மத்திய சர்க்கார் அலுவலகங்களிலும் அதன் கம்பெனிகளிலும் உள்ளவர்கள் வரிசையாக நின்று பலாத்காரத்தை எதிர்ப்பதாகப் பிரமாணம் எடுத்துக் கொள்ளுகிறார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் புரோகிதன் சொல்லுவதை மாப்பிள்ளை திருப்பிச் சொல்லுகிறானே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் பாஷை ஒன்றுதான்.

நாம் இப்படி எழுதுவதைக் கொண்டு அகிம்சைக்கும் சமாதானத்துக்கும் நாம் விரோதிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டியதில்லை. மனிதனை மனிதன் அடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்பதைவிட மேலான கொள்கை வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை. அதனாலேயேதான் அந்தக் கொள்கையைச் சாமி படம் மாதிரி சுவரில் மாட்டிவிட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் மாத்திரம் துடைத்துப் பொட்டு வைப்பதை நாம் ஆட்சேபிக்கின்றோம்.

முதலாவது, தீர்மானம் செய்த சபையையே எடுத்துக் கொள்வோம். இந்தியா கொண்டுவந்த அந்தத் தீர்மானத்தைச் சுமார் 140 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்தன. மிகவும் நல்லது. ஆனால், 2024-ம் வருஷத்தில் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து இராணுவத்துக்கென்று செலவு செய்த தொகை 2,70,000 கோடி டாலருக்கு மேல். கை தூக்கினவர்களே துப்பாக்கியும் வாங்கினார்கள். செப்டம்பர் மாதம் 21-ந் தேதி உலக சமாதான தினம் என்பதாக ஒன்று 1981-ம் வருஷத்திலேயே ஏற்படுத்தப்பட்ட தினமாகும். அன்றைக்கு நியூயார்க்கில் ஒரு மணி அடிக்கிறார்கள். மணி அடித்தால் யுத்தம் நிற்கும் என்றால், நமது நாட்டுக் கோவில்களில் அடித்த மணிக்கு இங்கே ஒரு சண்டையும் நடந்திருக்கக் கூடாதல்லவா? ஆகையால் மணியிலும் மாலையிலும் விஷயம் இல்லை. அகிம்சை என்பது யாருடைய ஆயுதமாக உலகத்துக்கு வந்தது, இன்று அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதை நாம் நெய்வேலியை வைத்துப் பேச விரும்புகின்றோம். ஏனென்றால், அகிம்சைப் போர் என்று உலகம் கொண்டாடுவதில் பெரும் பங்கு நிலக்கரிச் சுரங்கத்துத் தமிழ்க் கூலிகளுடையது. இது நெய்வேலித் தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கரிச் சுரங்கத்துக் கூலிகள்

1860-ம் வருஷத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் நமது ஜனங்களைத் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோய் இறக்கிற்று. அது முதல் அய்ம்பது வருஷ காலம் வட ஆற்காடு, தென் ஆற்காடு, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஏழைகள் கரும்புத் தோட்டத்துக்கும் கரிச் சுரங்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் என்று பெயர். அய்ந்து வருஷம் ஒரே எஜமானனிடம் உழைக்க வேண்டும். விட்டுப் போனால் ஜெயில். முதல் வருஷத்தில் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அய்ந்து வருஷம் முடிந்து அந்த நாட்டிலேயே சுதந்திரமாய் இருக்க விரும்பினாலோ, தலைக்கு வருஷம் 3 பவுன் வரி. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். அதாவது முதல் வருஷக் கூலியில் ஆறு மாதக் கூலி! பிறகு 1903-ம் வருஷத்துச் சட்டத்தினால் 16 வயதுக்கு மேற்பட்ட பையன்களும் 13 வயதுக்கு மேற்பட்ட பெண்களும்கூட அந்த வரியைக் கட்ட வேண்டியதாயிற்று. கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். வரியின் நோக்கமும் அதுதான்.

1913-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெரும்பாலும் தமிழர்களான பதினொரு ஸ்திரீகள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் என்னும் ஊரின் கரிச் சுரங்கங்களுக்குப் போய், அந்த வரி நீங்கும் வரை வேலைக்குப் போக வேண்டாமென்று கூலிகளிடம் பேசினார்கள். கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு சுரங்கத்தில் ஆரம்பித்து மற்றச் சுரங்கங்களுக்குப் பரவிற்று. நவம்பர் 6-ந் தேதி காந்தியாரின் தலைமையில் எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். சர்க்கார் என்ன செய்தது? அவர்களைப் பிடித்து ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பிற்று. ஜெயிலில் இடம் போதவில்லை என்று சுரங்கத்துக் கொட்டடிகளையே ஜெயில்களாகச் சட்டப்படி அறிவித்து, சுரங்க மேஸ்திரிகளையே வார்டர்களாக்கி, சவுக்கால் அடித்து வேலை வாங்கப் பார்த்தது. கரும்புத் தோட்டங்களில் துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தது. செத்தவர்கள் நமது கூலிகள். ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 16. அதே வருஷத்தில் 3 பவுன் வரி எடுபட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், அந்தக் கூலிகள் படத்துக்கு மாலை போடவில்லை, பிரமாணம் வாசிக்கவில்லை, மாமிசம் தின்னாமல் விரதமிருக்கவும் இல்லை. அவர்கள் செய்ததெல்லாம் அக்கிரமத்துக்கு நமது கையால் உழைப்பதில்லை என்று கையை எடுத்துக் கொண்டதுதான். இதற்குத் தமிழில் வேலை நிறுத்தம் என்று பெயர். இன்றைக்கு அகிம்சை தினத்தைக் கொண்டாடுகிற அதிகாரிகளுக்குக் காதில் விழவே பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது அந்த வேலை நிறுத்தம் என்கின்ற வார்த்தையே ஆகும். பிள்ளையைக் கொண்டாடுவார்களாம், தாயை மாத்திரம் வாசலில் நிற்க வைப்பார்களாம்!

மதத்தின் அகிம்சை

அகிம்சை என்றதும் நமது நாட்டு வைதிகர்கள் உடனே நமது முன்னோர்கள், நமது தர்மம், நமது சாஸ்திரம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இவர்களுடைய அகிம்சையின் யோக்கியதையை அறிய வெகு தூரம் போக வேண்டியதில்லை. நெய்வேலி இருக்கிற அதே கடலூர் ஜில்லாவிலுள்ள திருப்பாதிரிப்புலியூரையும் திருவதிகையையும் பார்த்தால் போதும். கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட சமணர்களுடைய பாழிகளையும் பள்ளிகளையும் பாடலிபுரத்தில் ராஜா இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் சிவனுக்குக் கோவில் கட்டினான் என்று பெரிய புராணம் சொல்லுகிறது. மதுரையில் எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்றும் அதே புராணம் சொல்லுகிறது. இவை நடந்தனவா, நடக்கவில்லையா என்கிற ஆராய்ச்சிக்கு நாம் வரவில்லை. நடந்ததாகச் சொல்லி, அதைக் கடவுளின் மகிமையாகப் பாடி, பக்தர்கள் காது குளிரக் கேட்டு வந்தார்களா இல்லையா என்றுதான் கேட்கின்றோம். கழுமரத்தை மகிமை என்று கொண்டாடின வாயால் கொல்லாமையைப் பற்றிப் பேசுவதற்கு என்ன தைரியம் வேண்டும்!

அகிம்சையைச் சாப்பாட்டு இலையோடு நிறுத்திக் கொள்ளுகிறவர்களும் இருக்கின்றார்கள். கோழி முட்டையைத் தொடமாட்டார்கள். ஆனால், சேரியில் பிறந்தவனைத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவிட மாட்டார்கள். எறும்புக்குச் சர்க்கரை போடுவார்கள். சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கி அவன் விஷ வாயுவில் செத்தால் விதி என்பார்கள்.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊரான வடலூரில் இராமலிங்க சுவாமிகள் இருந்தார். அவருடைய ஜோதியிலும் சித்தியிலும் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால், ஜீவகாருண்யம் என்று பேசின அவர் முதலில் செய்த காரியம் என்ன? 1867-ம் வருஷத்தில் ஒரு தருமசாலையைத் திறந்து, ஜாதி கேளாமல் பசித்தவனுக்குச் சோறு போட்டார். அன்று மூட்டின அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. பசியை முதல் கொலைகாரனாக அவர் கண்டாரே, அந்த மட்டில் அவருடைய அகிம்சை இலையில் பரிமாறும் காய்கறியைப் பற்றியதல்ல. இலையே இல்லாதவனைப் பற்றியது. அவருடைய தினத்தன்று இறைச்சிக் கடையை மூடச் சொல்லுகிற சர்க்கார், அவர் கண்டித்த ஜாதியை ஒரு நாளைக்காவது மூடச் சொல்லுகிறதா?

நெய்வேலி எப்படி உண்டாயிற்று?

நெய்வேலி என்கிற நகரம் எந்தச் சாமியும் அவதாரம் செய்து உண்டான ஸ்தலம் அல்ல. ஜம்புலிங்க முதலியார் என்பவருடைய நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டினபோது கறுப்பாக ஒரு வஸ்து வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று பூமி சாஸ்திரம் படித்தவர்கள் கண்டார்கள். 1956-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி கம்பெனி பதிவாயிற்று. 1957-ம் வருஷம் மே 20-ந் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கினார். 1961-ல் கரியைக் கண்டார்கள்; 1962-ல் மின்சாரம் எடுத்தார்கள். மேலே உள்ள மண்ணை வெட்டியெடுக்கிற ராட்சத சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல் மின் நிலையம் சோவியத் ருஷியாவின் உதவியால் எழுந்தது. வல்லரசுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அணுகுண்டைக் காட்டி ஒன்றையொன்று மிரட்டிக் கொண்டிருந்த அதே காலத்தில், இந்தக் கட்சி நாட்டு யந்திரமும் அந்தக் கட்சி நாட்டு யந்திரமும் நெய்வேலியில் ஒரே மண்ணில் நின்று வேலை செய்தன. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற ஊற்று நீர் சுரங்கத்தை முழுக்கடித்துவிடாதபடி இராப்பகலாக இறைத்துத் தீர வேண்டும். அதையும் மந்திரம் செய்யவில்லை. பம்பும் அதை ஓட்டுகிற மனிதனும்தான் செய்து வருகிறார்கள். உலக சமாதானம் என்றால் அதற்கு இதைவிட நல்ல பாடம் என்ன வேண்டும்? விளக்கு எரிய வேண்டுமென்கிற காரியத்துக்கு முன்னால் தேசமும் மதமும் நிற்கவில்லை.

ஆனால், அந்த விளக்குக்கு எண்ணெயாக எரிந்தவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டாமா? முதலாவது, நிலத்தைக் கொடுத்த குடியானவர்கள். ஊர் ஊராய் எழுந்து போனார்கள். இரண்டாவது, சுரங்கத்திலும் கொதிகலனிலும் வேலை செய்கிற தொழிலாளிகள். இவர்களில் நிரந்தரத் தொழிலாளி என்று ஒரு ஜாதியும், காண்ட்ராக்ட் தொழிலாளி என்று இன்னொரு ஜாதியும் இருக்கின்றன. ஜாதி என்கிற பதத்தை நாம் வேண்டுமென்றேதான் போடுகின்றோம். ஒரே சுரங்கம், ஒரே தூசி, ஒரே சங்கு. ஆனால் சம்பளத்தில் பன்மடங்கு வித்தியாசம். ஒருவனுக்கு டவுன்ஷிப்பில் மரத்தடி வீடு. மற்றவனுக்கு மந்தாரக்குப்பத்துப் பக்கம் வாடகைக் கொட்டகை. இருபது வருஷம் உழைத்தவனும் நாளைக்கு வேலை உண்டா என்று காண்ட்ராக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும். 1970-ம் வருஷத்தில் இதற்கென்று செய்யப்பட்ட சட்டத்தின் பெயரிலேயே ஒழிப்பு என்கிற பதம் இருந்தது. அந்தச் சட்டத்தின் காலம் முடிந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் வந்துவிட்டன. காண்ட்ராக்ட் முறை மாத்திரம் ஒழியவில்லை. நேட்டாலுக்குப் போனவனுக்கும் ஒப்பந்தக் கூலி என்று பெயர். நெய்வேலியில் நிற்கிறவனுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி என்று பெயர். சவுக்கு இல்லை, ஜெயில் இல்லை என்கிற வித்தியாசத்தை நாம் மறுக்கவில்லை. அந்த வித்தியாசமும் யாரும் தர்மமாய்க் கொடுத்ததல்ல. கூலிகள் போராடி வாங்கினதுதான்.

எது பலாத்காரம்?

2014-ம் வருஷம் மார்ச் மாதம் 17-ந் தேதி நெய்வேலி இரண்டாவது சுரங்கத்தின் வாசலில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைச் சிப்பாய் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் ஆயுதம் எடுத்து வந்தவன் அல்ல. வாசலில் ஏற்பட்டது வாய்ப்பேச்சு, முடிந்தது துப்பாக்கியில்.

2020-ம் வருஷம் மே 7-ந் தேதி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து உயிர்கள் போயின. இரண்டு மாதம் ஆவதற்குள் ஜூலை 1-ந் தேதி அதே நிலையத்தில் மறுபடியும் வெடித்தது. ஆறு பேர் அந்த இடத்திலேயே கருகினார்கள். தீக்காயப்பட்டவர்களில் மேலும் பலர் பின்னால் ஒவ்வொருவராக இறந்தார்கள். அந்த ஆறு பேரும் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். கொதிகலனுக்கு ஜாதி தெரியாது. அதன் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர்களுக்குத் தெரியும்.

2023-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர் விடும் தறுவாயிலிருந்த நெற்பயிரின் மேல் யந்திரங்களை ஏற்றினார்கள். நிலத்தை வெகு காலத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது, பயிர் வைக்க வேண்டாமென்று சொல்லியிருந்தோம் என்பது கம்பெனியாரின் சமாதானம். அது சட்டத்தில் சரியாகவே இருக்கட்டும். பயிர் வைக்கிற வரை பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு, அறுக்கிற வரை பார்த்துக் கொண்டிருக்க ஏன் பொறுமை இல்லை? விளைந்து வருகிற சோற்றை மண்ணோடு மிதிப்பதற்கு அகிம்சை அகராதியில் என்ன பெயர்? சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதியே மனம் வருந்திப் பேசி, ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் கழித்து ஜூலை 28-ந் தேதி நெய்வேலியில் நடந்த முற்றுகைப் போராட்டத்தில் கல் பறந்தது, போலீசார் தடியடி செய்தார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள், ஆகாயத்தை நோக்கிச் சுட்டார்கள். கல் எறிந்ததை நாம் ஒரு போதும் ஆதரிக்க மாட்டோம். நியாயம் தம் பக்கம் இருக்கிறவன் கல்லை எடுத்தான் என்றால், நியாயத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தான் என்று அர்த்தம். அதுவரை பயிரைப் பற்றிப் பேசின ஊர், அன்று மாலை கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தது, இலாபம் யாருக்கு? ஆனால், கல்லை மாத்திரம் பலாத்காரம் என்று சொல்லி, பயிர் மேல் ஏறின சக்கரத்தை அபிவிருத்தி என்று சொல்லுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஏழை அடித்தால் பலாத்காரம், பணக்காரன் அடித்தால் நிர்வாகம் என்பது மனுதர்மத்தின் தண்டனை முறையே தவிர, அகிம்சை அல்ல.

அகிம்சையால் ஆகாது என்று சொல்லுகிறவர்களுக்கு நெய்வேலியிலேயே பதில் இருக்கிறது. 2013-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் இந்தக் கம்பெனியின் பங்குகளைத் தனியாருக்கு விற்கத் தீர்மானித்தபோது, தொழிலாளிகள் ஜூலை மாதம் 3-ந் தேதி முதல் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஒரு தலையும் உடையவில்லை. ஒரு கொதிகலனும் நாசமாகவில்லை. தமிழ்நாட்டுச் சர்க்கார் தன்னுடைய நிறுவனங்களின் மூலம் 3.56 விழுக்காடு பங்கைத் தானே வாங்கிக் கொள்ளும்படியாயிற்று. கட்சி பேதமில்லாமல் சங்கங்கள் ஒன்றாய் நின்றதால் நடந்த காரியம் அது. நியூகாசில் கரிக் கூலிகளின் வழி என்பது இதுதான். ஆனால், அப்படி ஒன்றாய் நின்ற சங்கங்கள், பக்கத்தில் நிற்கிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் விஷயத்தில் அதே ஒற்றுமையை ஏன் காட்டவில்லை என்பதை நிரந்தரத் தொழிலாளித் தோழர்கள் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக் கொள்ள வேண்டும். கம்பெனியின் பங்கு தனியாரிடம் போகக் கூடாது என்று நின்றவர்கள், மனிதர்கள் காண்ட்ராக்டரிடம் போவதைப் பார்த்துக் கொண்டிருக்கலாமா?

ஜாதியும் சமாதானமும்

சண்டை இல்லாமலிருப்பதையே சமாதானம் என்று பலர் நினைக்கின்றார்கள். அடிபடுகிறவன் அழாமலிருந்தால் அங்கே சமாதானம் நிலவுவதாகச் சொல்லிவிடுவார்கள். கீழ்த் தஞ்சையில் விவசாயக் கூலிகள் நெற்கூலி கூட்டிக் கேட்காத வரை சமாதானம் என்றார்கள். கேட்டதற்குக் கிடைத்த பதில் 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தது; அதிலும் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆகையால் நமக்கு வேண்டியது வாயை மூடிக் கொண்டிருக்கிற சமாதானமல்ல; வாயைத் திறந்து கேட்டவன் உயிரோடு வீடு திரும்புகிற சமாதானம்.

இந்தச் சங்கதியில் நமது இயக்கத்துக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1924-ல் வைக்கத்தில் கோவிலைச் சுற்றின தெருவில் மனிதன் நடப்பதற்கு உரிமை கேட்டுப் பெரியார் ஜெயிலுக்குப் போனார்; நாகம்மையார் பெண்களைக் கூட்டிக் கொண்டு நின்றார். ஒருவர் மேலும் கை வைக்கவில்லை. வருணாசிரமத்தைப் பற்றிக் காந்தியார் பேசினதைச் சுயமரியாதைக்காரர்கள் கண்டித்தது போல் வேறு யாரும் கண்டித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் 1948-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி மதவெறி பிடித்த ஒரு பார்ப்பனன் அவரைச் சுட்டுக் கொன்றபோது, மராட்டிய நாட்டில் பார்ப்பனர் வீடுகள் எரிந்தன. தமிழ்நாட்டில் எரியவில்லை. பெரியார் துக்கப்பட்டார், அமைதியாயிருக்கச் சொன்னார், இந்த நாட்டுக்கே காந்தியார் பெயரை வைக்கலாம் என்றார். கொள்கையைக் கண்டிப்பது வேறு, மனிதனைத் தொடுவது வேறு என்பதை நாம் காரியத்தில் காட்டினவர்கள். பூஜை செய்கிறவர்கள் அவரைச் சுட்டவனுக்குச் சிலை வைக்க நினைக்கிற காலத்தில் இதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே, அக்டோபர் 2-ந் தேதி நெய்வேலியில் அகிம்சை தினம் உண்மையாகவே கொண்டாடப்பட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறதைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, அன்றைய கூட்டத்தில் பிரமாணம் வாசிப்பதற்கு முன்னால், சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் வேலையின்போது இறந்தவர்களின் பெயர்களை, நிரந்தரம், காண்ட்ராக்ட் என்கிற பேதமில்லாமல் வாசிக்க வேண்டும். எந்த விபத்தில் எந்தக் குறை கண்டுபிடிக்கப்பட்டது, அது நீக்கப்பட்டதா என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒரே வேலைக்கு ஒரே கூலி, ஒரே வைத்தியம், ஒரே பாதுகாப்பு என்பதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நெடுநாள் உழைத்தவர்களை வரிசைக் கிரமப்படி நிரந்தரமாக்குவதற்கு ஒரு தேதியைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நிலம் எடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு வாக்களிக்கப்பட்ட பணமும் மனையும் வேலையும் முழுதும் கிடைத்த பின்னரே அடுத்த அங்குல நிலத்தில் யந்திரம் இறங்க வேண்டும். பயிர் நிற்கும் நிலத்தில் அறுவடைக்கு முன் இறங்கவே கூடாது.

நாலாவது, வேலைக்கு வருகிறவன் எதிரியின் சிப்பாய் அல்லவாதலால், சுரங்க வாசலில் தொழிலாளியோடு பேசுகிறவன் கையில் துப்பாக்கி இருக்க வேண்டிய அவசியமில்லை.

அய்ந்தாவது, இது தொழிலாளித் தோழர்களுக்கு. மேலே சொன்ன நாலையும் கேட்கிறதற்கு யோக்கியதை வேண்டும். சுரங்கத்தில் ஜாதி பாராமல் ஒன்றாய் நின்று, ஊருக்குப் போனதும் தனித் தெரு, தனிச் சுடுகாடு என்று பிரிகிறவன் அகிம்சைக்காரன் அல்ல. மகள் வேறு ஜாதிப் பையனை விரும்பினாள் என்பதற்காக அரிவாளைத் தேடுகிறவன், போலீசுத் தடியைக் கண்டிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன், மேஸ்திரி தன்னை வைததாகச் சங்கத்தில் புகார் கொடுப்பதற்கு வெட்கப்பட வேண்டாமா? அகிம்சை நமது வீட்டு அடுப்பங்கரையிலிருந்தும் நமது தெருக் கோடியிலிருந்தும் புறப்பட்டுச் சுரங்க வாசலுக்குப் போக வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆகாத காரியமல்ல. பூமிக்குக் கீழே கிடந்த கறுப்பு மண்ணை வெளிச்சமாக்கத் தெரிந்த மனிதனுக்கு, பக்கத்தில் நிற்கிறவனை மனிதனாக நடத்துவது மாத்திரம் முடியாதா? படத்துக்கு மாலை போடுவதை நாம் தடுக்க வரவில்லை; போடுகிறவர்கள் போட்டுக் கொள்ளட்டும். ஆனால், அந்த மாலையை எடுத்துக் கொடுக்கிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அன்றைய தினம் சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேட்டுவிட்டு, அப்புறம் அகிம்சையைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.